பீடியை விட்ட பிறகுதான் ஈறில் ரத்தம் வருகிறது, டாக்டர்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 52. எட்டு வருடமாகச் சுகர், கூடவே பிரஷர். மூன்று மாதம் முன்பு பீடியை விட்டார். அதிலிருந்து பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, கீழே முன்பல் இரண்டு ஆடுகிறது. 'பீடி பிடிச்ச வரைக்கும் நல்லாத்தானே இருந்தது' என்று மறுபடி கட்டு வாங்கப் பார்க்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.9-லேயே நிற்கிறது. சுகர் டாக்டர், போய் பல்லைக் காட்டுங்கள் என்கிறார். பல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?
- குடியாத்தம் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கட்டைத் தடுங்கள், மற்றது அப்புறம். வீட்டுக்கு வீடு மடியில் தட்டை வைத்து பீடி சுற்றுகிற ஊரில் அதை விடுவது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். பீடியில் இருக்கிற நிக்கோட்டின் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது. உள்ளே நோய் அன்றைக்கும் இருந்தது, ரத்தம் மட்டும் வெளியே தெரியவில்லை. பீடி போனதும் ஈறுக்கு ஓட்டம் திரும்பியது, ரத்தம் தெரிகிறது. பல் ஆடுவது மூன்று மாதத்து வேலையே இல்லை, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைய வருடக்கணக்காகும்.

சரி, சுகருக்கு வருவோம். ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நோய் முற்றினால் 6, 7 என்று ஆழமாகும், அந்தக் குழியின் உள்சுவர் முழுக்கப் புண். வாயில் உள்ள எல்லாப் பல்லுக்கும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு வரும். அவ்வளவு பெரிய புண் அவர் காலில் இருந்தால், சுகர்காரர் என்று பதறி அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பீர்கள்! வாய்க்குள் இருப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்த அழற்சியில் உண்டாகும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் இழுக்கும், சுகர் ஏறும். ஏறிய சுகர் ஈறுப் புண்ணை ஆறவிடாது. உங்கள் சுகர் டாக்டர் சொன்னது சரி.

ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஏ1சி சராசரியாக 0.3 முதல் 0.4 வரை இறங்குகிறது. 8.9 ஒரேயடியாக 6 ஆகிவிடாது, அதனால் மாத்திரையை அவராகவே குறைக்கக் கூடாது. மாரடைப்புக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு பேசுகிறார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை, ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை, அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். இதய வால்வு மாற்றியவர்கள் மட்டும் பல்லில் கை வைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஒரு பெரியவருக்குப் பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையை எடுத்து தட்டில் போட்டேன், பானை அடியில் கருகிய சாதம் மாதிரி கருப்புத் துண்டுகள். எட்டிப் பார்த்து, 'பல்லை உடைச்சிட்டியேப்பா' என்று சண்டைக்கு வந்துவிட்டார்! பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, காரைதான் சிமெண்டு மாதிரி பிடித்து வைத்திருந்தது. ஈறுக்குக் கீழேயும் சுத்தம் செய்ய மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு மூன்று தடவை வரச் சொல்லலாம். அந்த இரண்டு பல் நிற்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும், இப்போதே பிடுங்கச் சொல்லாதீர்கள். ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷை ஓரம் கட்டவும் வேண்டாம், மெத்தென்ற பிரஷ்ஷாக வாங்குங்கள். செங்கல் தூள், கரி எல்லாம் வேண்டாம்.

வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். காலையில் சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுவிட்டுப் போகட்டும், வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று மயங்கி விழ வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஏ1சி பாருங்கள். அப்புறம் ஒன்று, பிரஷர் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அது அம்லோடிபின் என்றால், சிலருக்கு அதனாலேயே ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றலாமா என்று பிரஷர் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள்.