கிறிஸ்துமஸ் பின்னல் வேலை: கேள்வி பதில்

கிறிஸ்துமஸுக்காக உல்லன் நூலிலும் பருத்தி நூலிலும் அலங்காரங்களையும் பரிசுப் பொருட்களையும் பின்னுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

நாகர்கோவில்: அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து, அதில் சொன்னபடியே 8ஆம் எண் ஊசியில் 100 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி என் மகனுக்குக் குல்லாய் பின்னினேன். அது அவனுடைய தலையில் ஏறவே இல்லை. எங்கே தவறு?

உங்கள் கையில் தவறில்லை, ஊசியின் எண்ணில்தான் தவறு. நம் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் முறையில்தான் பின்னல் ஊசிகள் கிடைக்கின்றன. அதில் 8 என்றால் 4 மி.மீ. தடிமன், எண் கூடக் கூட ஊசி மெலியும், ஆகவே 10ஆம் எண் ஊசி 3.25 மி.மீ., 12ஆம் எண் ஊசி 2.75 மி.மீ. தான். அமெரிக்க முறை இதற்கு நேர்மாறானது. அங்கே 8 என்பது 5 மி.மீ., 10 என்பது 6 மி.மீ. ஆகும். தடித்த ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் வரும் என்று கணக்கிட்டு எழுதிய குறிப்பை நீங்கள் மெல்லிய ஊசியில் பின்னும்போது, அதே அகலத்துக்கு 24 கண்ணிகள் விழுந்தால், 50 செ.மீ. சுற்றளவு வரவேண்டிய குல்லாய் 42 செ.மீ. கூட வராது. அது ஒரு கைக்குழந்தையின் தலை அளவு. எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். ஊசியில் அது அச்சிடப்படவில்லை என்றால் ஊசியை நுழைத்துத் தடிமன் பார்க்கும் துளை அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அணியும் பொருள் எதுவானாலும், முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, நனைத்து, உலர்த்தி, கண்ணிகளை எண்ணிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரத்துக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அது அரை அங்குலம் சிறுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

திருச்சி: மரத்தில் தொங்கவிடப் பந்து பின்ன எளிய கணக்கு ஒன்று சொல்லுங்கள். நான் பின்னிய பந்தில் நான்கு இடங்களில் ஏணிப்படி போல இடைவெளி தெரிகிறது. உள்ளே அடைத்த இலவம்பஞ்சும் வெளியே வருகிறது.

இரு முனையும் கூரான ஐந்து ஊசிகளும் நாலு இழை நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2.75 அல்லது 3 மி.மீ. ஊசி பொருத்தமாக இருக்கும். 12 கண்ணிகளை ஏற்றி, நான்கு ஊசிகளில் மூன்று மூன்றாகப் பிரித்து வட்டமாக்குங்கள். இரண்டு சுற்று சாதாரணமாகப் பின்னி, மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு ஊசியிலும் மூன்று கண்ணிகளைக் கூட்டுங்கள். இப்படி 24, 36 என்று உயர்ந்து 48 ஆனதும், பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் போய், அதே கணக்கில் குறைத்துக்கொண்டு வாருங்கள். 24 கண்ணிகள் மிஞ்சும்போது பஞ்சை அடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விரல் உள்ளே போகாது. பந்து ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. விட்டத்தில் வரும்.

ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குத் தாவும் இடத்தில் நூல் தளர்வதால்தான் அந்த இடைவெளி உண்டாகிறது. முதல் கண்ணியை இறுக்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலைச் சற்று இழுத்தால்தான் தளர்ச்சி மறையும். இலவம்பஞ்சின் இழை மிகவும் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் அது எந்தப் பின்னல் துளை வழியாகவும் நழுவி வந்துவிடும். பொம்மைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைப் பயன்படுத்துங்கள்.

யாழ்ப்பாணம்: குரோஷாவில் (கொக்கி ஊசியில்) பின்னிய பனி நட்சத்திரங்களை விறைப்பாக்கச் சீனிப் பாகில் தோய்த்தேன். இரண்டாம் நாளே எறும்பு மொய்த்துவிட்டது.

சீனிப் பாகு குளிர்நாட்டு வீடுகளுக்குச் சரிப்படும் முறை. நம் காற்றில் அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், எறும்பையும் அழைக்கும். நட்சத்திரங்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பாகு முழுவதும் கரைந்துவிடும், பின்னலுக்குக் கேடில்லை. பிறகு வெள்ளைப் பசையையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் தோய்த்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் விரித்த அட்டையின் மேல் ஒவ்வொரு முனையையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்தி உலரவிடுங்கள். பருத்திச் சேலைக்குப் போடுகிற ஜவ்வரிசிக் கஞ்சியும் நல்ல விறைப்பைத் தரும். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், பல ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் பொருளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கோயம்புத்தூர்: ஓரம் சுருண்டுகொண்டதால் அக்ரிலிக் நூலில் பின்னிய மணிகளை இஸ்திரி போட்டேன். இப்போது துவண்டு, பளபளப்பாகிவிட்டன. மீட்க முடியுமா?

முடியாது. அக்ரிலிக் என்பது வெப்பத்தில் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக் இழை. ஒருமுறை இளகித் துவண்ட இழை பழைய துள்ளலுக்குத் திரும்பாது. ஓரம் சுருள்வதற்கும் இஸ்திரி மருந்தல்ல. ஒரு வரி நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரி பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று பின்னும்போது துணியின் இரு முகங்களிலும் இழுவிசை வேறுபடுவதால் அது சுருண்டே தீரும். நான்கு ஓரங்களிலும் மூன்று நான்கு கண்ணிகளுக்கு இரு பக்கமும் நிட் மட்டும் வருமாறு கரை வைத்துப் பின்னினால் தட்டையாக நிற்கும்.

தூத்துக்குடி: டொரன்டோவில் இருக்கும் மகளுக்குச் சுத்தமான ஆட்டுக் கம்பளியில் கழுத்துத்துணி பின்னி அனுப்பினேன். அவள் அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள், பாதியாகச் சுருங்கிவிட்டதாம்.

ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடான நீரும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இருந்தாலும் மகளிடம் அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றாகச் சுருங்கி இறுகிய கம்பளியைக் கத்தரித்தால் நூல் பிரியாது என்பதால், அதிலிருந்து மணி, மரம், நட்சத்திரம் என்று எத்தனையோ வடிவங்களை வெட்டி, ஓரத்தில் ஒரு தையல் போட்டு மரத்தில் மாட்டலாம். அடுத்த முறை, மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் எழுதியுள்ள கம்பளி நூலை வாங்குங்கள். எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிப் பரிசோடு வைப்பதும் நல்லது. பரிசு பெறுகிறவருக்கு நூலின் குணம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பாளையங்கோட்டை: சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய பரிசுக் காலுறையை நனைத்ததும் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது.

காயவிடாதீர்கள், காய்ந்தால் சாயம் தங்கிவிடும். உடனே பெரிய வாளி நிறையச் சோப்பு நீரில் கசக்காமல் மூழ்கவைத்து, நீர் நிறம் மாற மாற மாற்றிக்கொண்டே இருங்கள். பருத்தி நூலானால் நீர் சூடாக இருக்கலாம், கம்பளியானால் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. இனிமேல் பின்னுவதற்கு முன்பே சிவப்பு நூலில் ஒரு முழத்தை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

ஊட்டி: எட்டு இதழ் நட்சத்திரம் எந்த நாட்டுக் கோலம்? நான் பின்னினால் அந்த இடம் மட்டும் சுருங்கி நிற்கிறது.

எட்டு முனை நட்சத்திரம் பல நாடுகளின் நெசவிலும் பின்னலிலும் உண்டு. அதைப் புகழ்பெறச் செய்தது நார்வேயில் டிரொன்ஹெய்முக்கு அருகிலுள்ள செல்பு என்னும் ஊர். 1857இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் கறுப்பும் வெள்ளையுமாக இந்த நட்சத்திரமிட்ட கையுறையைப் பின்னி அணிந்து தேவாலயத்துக்குச் சென்றாள் என்றும், அதிலிருந்தே அந்த ஊரின் கையுறைத் தொழில் வளர்ந்தது என்றும் சொல்வார்கள். சுருக்கத்துக்குக் காரணம், பின்பக்கம் கடந்து செல்லும் நூலை நீங்கள் இறுக்குவதுதான். நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியிலுள்ள கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு அடுத்த நிறத்தை எடுங்கள். ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஒரு நூல் சும்மா போனால், நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மதுரை: பின்னிய நட்சத்திரங்களைச் சீரியல் பல்புகளோடு மாட்டலாமா?

எல்.இ.டி. விளக்கானால் மாட்டலாம். சூடாகும் பழைய பல்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகில் அக்ரிலிக் நூல் வேண்டவே வேண்டாம்.

வேளாங்கண்ணி: ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சித் திருநாள் முடிந்ததும் அலங்காரங்களைக் கழற்றி அந்துருண்டை போட்டு வைக்கலாமா? பேரக்குழந்தைக்குப் பின்னிய குல்லாயும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

அந்துப்பூச்சியின் புழு தின்பது விலங்கு ரோமத்தைத்தான். அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் அந்துருண்டை தேவையில்லை; கஞ்சி போட்டவற்றை மட்டும் வெள்ளிப்பூச்சி நாடும் என்பதால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். கம்பளிப் பொருட்களைத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் மூடினாலே போதும். குழந்தையின் குல்லாயை அந்தப் பெட்டியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அந்துருண்டையிலுள்ள நாப்தலீன், சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.