விம் தெரியாவிட்டால் நிரலாளர் இல்லையா?

கேள்வி: “நான் வி.எஸ். கோடில் எழுதுகிறேன். அணியில் மூத்தவர் விம்முக்கு மாறச் சொல்லி வற்புறுத்துகிறார். மாறித்தான் ஆக வேண்டுமா?”

வேண்டாம். இரண்டுமே நிரல் எழுதும் எடிட்டர்கள்தான்; விம் பழையது, விசைப்பலகையாலேயே இயக்குவது. நீங்கள் வேலைக்குப் புதியவர் என்றும், உங்கள் நிரலைச் சரிபார்ப்பவரே அந்த மூத்தவர் என்றும் ஊகிக்கிறேன். நிரலில் என்ன குறை என்று அவர் தாராளமாகக் கேட்கட்டும். எதில் எழுதினீர்கள் என்பது அவருக்கு எதற்கு?

இதைச் சொல்லும் நானும் விம் பயன்படுத்துபவன்தான். எனக்கு நடந்தது நேர்மாறு. முன்பு இருந்த நிறுவனத்தில் எல்லோரும் ஒரே எடிட்டருக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கேட்டால், நிரல் சீராக இருக்குமாம். அதற்குத்தான் நிரலைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டர் இருக்கிறதே! யார் எதில் எழுதினாலும் மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட்டுக்கு முன் அது ஒழுங்குபடுத்திவிடும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது ஒரு பழைய தரவுக் கோப்பு வந்தது. ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றிலும் தேதியின் கடைசியில் இருந்த ஆண்டு முதலில் வர வேண்டும். மேலாளர் அருகில் நின்றார். முதல் வரியில் ஆண்டை வெட்டி முன்னால் ஒட்டி, அடுத்த வரிக்கு இறங்கும்வரை என் விசைகளை மேக்ரோவாகப் பதிந்தேன். பிறகு ஒரே கட்டளை. கடைசி வரிவரை மாறிவிட்டது. மறுநாள் எனக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரில், லிஸ்ப் மொழியில் தானே எழுதிச் சேர்த்த கட்டளைகளோடு வேலை செய்துவந்த சக ஊழியருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

உரையின் வடிவத்தைத் தேடி மாற்றும் ரெஜெக்ஸ் போட்டு வி.எஸ். கோடிலும் இதைச் செய்யலாமே என்று சிலர் கிளம்புவார்கள். செய்யலாம், மறுக்கவில்லை. என் கை விம்மில் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய ஜாவா திட்டம் என்றால் இன்டெல்லிஜே எடிட்டரைத்தான் நானே பரிந்துரைப்பேன். ஒரு மொழிக்கான பிழை காட்டும் வசதியை எடிட்டர்கள் பொதுவான ஒரு சேவையகத்திடமிருந்து பெற உதவும் மொழிச் சேவையக நெறிமுறையை 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிறகு, எடிட்டர்களுக்கு இடையிலான பழைய இடைவெளியும் குறைந்துவிட்டது. சி++ எழுதினால் வி.எஸ். கோடு, விம்மின் வழிவந்த நியோவிம் இரண்டிலும் கிளாங்டி என்ற ஒரே சேவையகத்தை வைத்துப் பிழை காட்டச் செய்யலாம். ஆட்டம் எடிட்டரை கிட்ஹப் 2022 டிசம்பரில் நிறுத்தியது. அதில் எழுதியவர்கள் வேறொன்றுக்குப் போனார்கள். கற்ற நிரலாக்கம் கூடவே போனது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்.எஸ்.எச். வழியாக லினக்ஸ் சேவையகத்துக்குள் நுழைந்தால், 1976-இல் பில் ஜாய் எழுதிய வி எடிட்டரோ, விம் போல அதன் வழிவந்த ஒன்றோதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். திறக்க, திருத்த, சேமிக்க, வெளியேறத் தெரிந்தால் போதும். விம்முடன் வரும் விம்டியூட்டர் என்ற பயிற்சிப் பாடம் இதை அரை மணி நேரத்தில் கற்றுத்தருகிறது, அதுவும் எழுத்தில். இப்போது எந்தக் கருவிக்கு விளக்கம் தேடினாலும் காணொளிதான் வந்து நிற்கிறது. ஒரே ஒரு கட்டளைக்காக யாரோ பேசுவதை நாற்பது நிமிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதை நகலெடுத்து ஒட்டவும் முடியாது. கருவி செய்பவர்களே, தயவுசெய்து எழுதி வையுங்கள்.