படி இறங்கும்போது முட்டிச் சில்லு வலிக்கிறதா?

கேள்வி: வயது 34. மூன்று மாதமாக வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலி. மாடிப்படி இறங்கினாலும், குத்தவைத்துக் கோலம் போட்டாலும், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அதிகம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பத்து நாள் பிசியோதெரபியில் கரண்ட் (மின்சிகிச்சை) வைத்தேன். நிறுத்தியதும் வலி திரும்பிவிட்டது. தேய்மானமா? நடப்பதை நிறுத்தட்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தேய்மானத்தைவிடச் சில்லு வலிக்கே அதிகம் பொருந்துகின்றன. சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கி ஏறி இறங்கும். முட்டி மடங்க மடங்க அங்கே அழுத்தம் கூடும். படியேறி இறங்கும்போது அது உடல் எடையைப்போலப் பல மடங்கு. அதைத் தாங்கத் தொடை, இடுப்புத் தசைகளில் வலு வேண்டும். கரண்ட் அந்த வலுவைத் தராது.

கண்ணாடி முன் ஒரு சிறு படியில் வலது காலில் நின்று, இடது காலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பாருங்கள். வலது முட்டி உள்பக்கம் சாய்ந்தால், இடுப்பின் பக்கவாட்டுத் தசையையும் கவனிக்க வேண்டும்.

பாயில் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலை மடக்காமல், சற்றே பின்னால் தள்ளி உயர்த்துங்கள். 10 முறை, 3 சுற்று. அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, கால்வாசி மட்டும் உட்கார்ந்து எழுங்கள். முழுதாக உட்கார வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. இல்லையென்றால் அளவைக் குறையுங்கள். பலன் தெரியச் சுமார் 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் என் பெரிய வருத்தம்.

நடப்பதை நிறுத்தாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள், போதும். கோலத்தைச் சில வாரம் சிறு முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1980களில் பரப்பிய, சில்லின் மேல் டேப் ஒட்டும் முறை, சிலருக்கு ஆரம்ப வாரங்களில் வலியைத் தணித்துப் பயிற்சி செய்ய விடும். அதைத் தெரிந்தவரிடம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ, காய்ச்சலோடு சிவந்து சூடானாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றே போய்விடுங்கள்.