அம்மாவுக்கு அல்சைமர்: "இன்னும் எத்தனை வருஷம்?"

வணக்கம் சகோதரி. 76 வயது அம்மாவுக்கு அல்சைமர் எனும் மறதி நோய் என்று சொன்ன டாக்டர், எத்தனை வருஷம் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று யாராலும் சொல்ல முடியாதுங்க. 65 வயதுக்கு மேல் கண்டறியப்பட்டால் சராசரி 4 முதல் 8 ஆண்டுகள். 20 ஆண்டுகள் இருந்தவர்களும் உண்டு.

அடுத்த முறை கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "இப்போது எந்தக் கட்டம்? அடுத்து எது கைவிட்டுப் போகும்?" பொதுவாகப் பணக்கணக்கும் மாத்திரையும் முதலில் தடுமாறும். பிறகு உடை, குளியல், கழிப்பறை. கடைசியில் பேச்சு, நடை, விழுங்குவது. அடிக்கடி புரையேறி, நிமோனியாவில் முடிவது பலருக்கு நடக்கிறது. அப்போது உணவு கொடுக்க மூக்கில் குழாய் போடலாமா என்பார்கள். முற்றிய நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாக ஆதாரமில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த பருப்பு சாதத்தைச் சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவதே மேல்.

ஒரே நாளில் திடீரென மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ கூடக் காரணமாக இருக்கலாம். சரிசெய்தால் பெரும்பாலும் தேறுவார்கள்.

அம்மாவிடம் சொல்லவே கூடாது என்கிறாராம் உங்கள் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. "எனக்கு என்னடி ஆச்சு?" என்று அவரே கேட்கிறாரே! எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள். உயிலும், கடைசிக்கால சிகிச்சை பற்றிய விருப்ப ஆவணமும் அவர் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே முடிய வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரியும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் எளிதாக்கிவிட்டது.