கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அவசரத்துக்கு கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் 10,000 எடுத்தேன். கடைசி தேதிக்கு முன்னாலேயே முழுப் பில்லையும் கட்டிவிட்டேன். அப்படியும் வட்டி போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதப் பில்லில் மறுபடியும் கொஞ்சம் வட்டி வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. நியாயமா என்று கேட்டால் அது வேறு பேச்சு, ஆனால் நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருக்கும். கடையில் கார்டைத் தேய்த்தால் பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்கின்றன இல்லையா, ரொக்கத்துக்கு பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகையே கிடையாது. நோட்டு கைக்கு வந்த அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது மாத வட்டியைப் பார்த்து நானும் ஒரு தடவை வங்கிக்கு போன் போட்டுக் கத்தியிருக்கிறேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. பில் தயாரான நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் நடுவே சில நாட்கள் ஓடியிருக்கும், அந்த நாட்களின் வட்டி அந்தப் பில்லில் இருக்காது, அதனால் அடுத்ததில் வந்து நிற்கும். ரொக்கம் எடுத்தால் பில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பணம் கையில் வந்த அன்றே கட்டுங்கள். வங்கியில் கேட்டால் இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று சொல்வார்கள்.

கேள்வி: பத்தே நாளில் திருப்பிக் கட்டிவிடுவேன் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாதே?

பதில்: இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், கணக்கு உதைப்பதும் இங்கேதான். வட்டியைத் தவிர, எடுத்ததற்கென்றே தனியாக ஒரு கட்டணம் உண்டு. எடுத்த தொகையில் 2 முதல் 5 சதவீதம் வரை என்பது பரவலாகக் காணக்கூடியது. ஒரு நாள் வைத்திருந்தாலும் அதே கட்டணம், ஒரு மாதம் வைத்திருந்தாலும் அதேதான்.

கட்டணம் 3 சதவீதம், வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 எடுத்தால் கட்டணம் 300. பத்து நாள் வட்டி சுமார் 99. ஆக, பத்து நாளைக்கு 399 கொடுக்கிறீர்கள். இதை ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள், 145 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். 40 நாள் வைத்திருந்தால் மொத்தம் 695 ஆகும், ஆண்டுக் கணக்கில் 63 சதவீதம். அதாவது சீக்கிரம் கட்டினால் கொடுக்கும் தொகை குறைகிறது, ஆனால் கடன் மலிவாகிவிடுவதில்லை. சில நாளுக்குக் கட்டணம் கடிக்கிறது, பல நாளுக்கு வட்டி கடிக்கிறது.

அப்புறம், குறைந்தபட்சக் கட்டணம் என்றும் ஒன்று வைத்திருப்பார்கள். அது 300 என்றால் 1,000 எடுத்தவருக்கும் 300 தான், முப்பது சதவீதம் அங்கேயே போய்விட்டது. சிறுகச் சிறுக நாலு தடவை எடுப்பதைப் போல மோசமானது இல்லை. வேறு வங்கியின் இயந்திரம் என்றால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கலாம், இவற்றின் மேல் வரி போடும் நாடுகளும் உண்டு. ரிவார்டு பாயின்டும் பொதுவாகக் கிடைக்காது.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: யாருக்குக் கொடுக்க இந்தப் பணம்? அவரே கார்டில் பணம் வாங்கிக்கொள்வாரா? வாங்கிக்கொள்வார் என்றால் நேராக அங்கே தேய்த்துவிடுங்கள், ஏ.டி.எம். வேலையே இல்லை. இல்லையென்றால் சின்ன பெர்சனல் லோன், கணக்கில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி), சம்பள முன்பணம் என்று பாருங்கள். அநேகமாக எல்லாமே இதைவிட மலிவாக இருக்கும்.

கேள்வி: மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். ரொக்கக் கடன் குறையவே மாட்டேன் என்கிறது.

பதில்: எப்படிக் குறையும்? ஒரே கார்டில் சாமான் வாங்கிய பாக்கி, ரொக்கப் பாக்கி இரண்டும் இருந்தால், பல இடங்களில் ரொக்கத்துக்குத்தான் வட்டி அதிகம். நீங்கள் கட்டும் மினிமம் தொகையை வட்டி குறைவான பாக்கியில் கழித்துக்கொண்டால், வட்டி அதிகமானது அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் இதற்காகவே 2009-ல் சட்டம் வந்தது, மினிமத்துக்கு மேல் கட்டும் பணம் அதிக வட்டி உள்ள பாக்கிக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று. கவனியுங்கள், மினிமத்துக்கு மேல் கட்டினால்தான்! உங்கள் கார்டில் எந்த வரிசை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் லிமிட் 1,00,000. ஏ.டி.எம். 20,000-க்கு மேல் தரவில்லையே?

பதில்: கேஷ் லிமிட் தனி, மொத்த லிமிட்டில் ஒரு பகுதிதான். அதுவும் நல்லதற்குத்தான்.

கேள்வி: நான் ஏ.டி.எம். பக்கமே போகவில்லை. இணையத்தில் ஒரு விளையாட்டில் பந்தயம் கட்டினேன், அதற்கு ரொக்கக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்.

பதில்: பந்தயம் கட்டியதைப் பற்றித் தனியாகப் பேசலாம். கார்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நாலு இலக்கத்தில் ஒரு குறியீடு உண்டு. சூதாட்டத்துக்கு 7995, ரொக்கம் மாதிரியே பயன்படும் சமாச்சாரங்களுக்கு 6051. அந்நிய நாணயம், பயணிகள் காசோலை, கிரிப்டோ எல்லாம் இந்த வகையில் வரலாம். கார்டு நிறுவனம் இந்த எண்ணைப் பார்த்து, ரொக்கம் எடுத்ததாகவே கணக்கு எழுதிவிடும். நீங்கள் நோட்டைக் கண்ணால் பார்த்தீர்களா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

கேள்வி: தெரிந்த கடைக்காரர் பொருள் வாங்கியதாகத் தேய்த்துவிட்டு ரொக்கம் தருகிறேன், 2 சதவீதம் போதும் என்கிறார்.

பதில்: வேண்டாம். பொய் பில் அது. கண்டுபிடித்தால் உங்கள் கார்டை முடக்குவார்கள், அவர் இயந்திரத்தைப் பிடுங்குவார்கள். அவர் பணம் தராமல் இழுத்தடித்தால், வாங்காத பொருளைப் பற்றி வங்கியில் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?

கேள்வி: கார்டில் முன்கூட்டியே சொந்தப் பணத்தைப் போட்டு வைத்து, அப்புறம் ஏ.டி.எம்.மில் எடுத்தால்?

பதில்: கெட்டிக்காரத்தனமான யோசனைதான். கடன் இல்லாததால் வட்டி விழாமல் போகலாம், ஆனால் எடுப்பதற்கான கட்டணம் பெரும்பாலும் விழும். உங்கள் பணத்தை நீங்களே எடுக்க 3 சதவீதம் கொடுப்பானேன், டெபிட் கார்டு எங்கே போயிற்று?