பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பை மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பா 1970களில் வாங்கிய ஜப்பான் கிட்டார் கைக்கு வந்திருக்கிறது, ஒலி மந்தமாக இருக்கிறது, கடையில் கேட்டால் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார்கள், போடலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

எனக்கும் இதேதான் நடந்தது. என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். 1960களின் கடைசியில் யோகோஹாமாவில் வாங்கி வந்த கிட்டார் அது. கம்பெனி பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. இரண்டு பிக்கப், மூடியில் வரிசையாகத் துளைகள், துளைகளின் கீழே தங்க நிறத் தாள். இந்த வகைக்குக் கோல்ட் ஃபாயில் என்றே பெயர். அது என்னிடம் வந்தபோது மூக்கடைத்தவர் பாடுவது போல ஒலித்தது. ஒரு கடையில் காட்டினேன், காந்தம் செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். கிட்டத்தட்ட சம்மதித்தும் விட்டேன். அன்று இரவு எதற்கும் பார்ப்போமே என்று திறந்தால், வால்யூம் பாட்டின் (pot, அதாவது வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும், திருகினால் மாறும் மின்தடை) முதுகில் 50K, அதாவது 50 கிலோஓம், என்று எழுதியிருந்தது. யாரோ, எந்தக் காலத்திலோ, பழைய பாட் கரகரத்ததால் கையில் கிடைத்த ரேடியோ பாட்டைப் போட்டு முடித்திருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு 500K பாட் வாங்கினேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சோல்டர் செய்து ஆம்பில் செருகி ஒரே ஒரு ஈ மைனர் அடித்தேன். அறையில் இருந்த தங்கை எழுந்து வந்து, இது அதே கிட்டாரா என்று கேட்டாள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். ஃபெண்டர் கம்பெனியின் ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பில் ஏறக்குறைய 8000 சுற்று இருக்கும், கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் சுமார், தலைமுடி அளவு. அத்தனை சுற்று இருப்பதால் அந்தச் சுருளுக்கு இண்டக்டன்ஸ் அதிகம். கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளுக்கோ கெப்பாசிட்டன்ஸ் உண்டு, மீட்டருக்குச் சுமாராக 100 பிக்கோஃபாரட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒலி எழும்பி நிற்கும், பெரும்பாலும் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான். நாம் பிக்கப்பின் குணம் என்று சொல்வதில் பெரும் பங்கு அந்த எழுச்சி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான். பாட் அந்த எழுச்சியை அமுக்கும். மதிப்பு குறைய குறைய அமுக்கம் அதிகம். 250K கொஞ்சம் தட்டிவைக்கும், 500K நிமிரவிடும், 50K தரையோடு சேர்த்துவிடும். என் கிட்டாரில் நடந்தது அதுதான், காந்தத்துக்கு எதுவுமே ஆகவில்லை. அதேபோல 3 மீட்டர் கேபிளுக்குப் பதில் 9 மீட்டர் கேபிள் போட்டால் எழுச்சி கீழே இறங்கி ஒலி தடித்துவிடும். கேபிளை மாற்றிப் பார்க்காமல் யாரும் பிக்கப்பைக் குறை சொல்லக்கூடாது என்பது என் கருத்து, இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

அடுத்தது உயரம். பிக்கப்பின் இரு பக்கமும் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் ஏறும், இறங்கும். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்துக்கும் இடையே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வைத்து ஆரம்பியுங்கள், தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக. ரொம்ப நெருக்கினால், அதுவும் ஃபெண்டர் மாதிரிக் குச்சிக் காந்தம் என்றால், காந்தம் தந்தியையே இழுத்து, தடித்த தந்தியில் மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும். பலர் இதை இன்டொனேஷன் (தந்தி நீளம் சரியில்லாமல் சுருதி விலகுவது) கோளாறு என்று நினைத்து, தந்திகள் உட்காரும் பிரிட்ஜை நோண்டுகிறார்கள்.

சரி, பிக்கப் நிஜமாகவே செத்திருந்தால்? மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்து பாருங்கள். பழைய சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) பெரும்பாலும் 5 முதல் 7 கிலோஓமுக்குள் காட்டும், ஜப்பான் பிக்கப்களில் இது கூடக் குறைய இருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. நம் கடலோர ஈரக் காற்றில் கம்பி பச்சை பிடித்து அறுவது சகஜம், ஆனால் பல நேரம் அறுவது சுருளுக்குள் அல்ல, வெளி ஒயரோடு சேரும் முனையில். என் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருப்பது) பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் ஊமையானது. பூதக்கண்ணாடி வைத்து அந்த முனையை மட்டும் மறுபடி சோல்டர் செய்ததில் திரும்பி வந்தது. உள்ளே அறுந்திருந்தால் மறுபடி கம்பி சுற்றத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம், ஆனால் அதே தடிமன் கம்பி, ஏறக்குறைய அதே சுற்று என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: பழைய ஃபெண்டர் பிக்கப்களில் காந்தக் குச்சியின் மேலேயே கம்பி சுற்றியிருக்கும். உயரம் சரியில்லை என்று குச்சியை விரலால் தள்ளினீர்கள் என்றால் உள்சுற்று அறுந்துவிடும்.

வால்யூம் ஏற்றினால் கீச்சென்று கத்துகிறது என்று மெழுகில் முக்கச் சொல்வார்கள். மெழுகு, சுற்றுகளின் ஆட்டத்தை நிறுத்தும், கீச்சும் நிற்கும். ஆனால் கோல்ட் ஃபாயிலின் அழகில் ஒரு பங்கு அந்த ஆட்டம்தான். என் கிட்டாரில் மூடியை நகத்தால் தட்டினால் ஆம்பில் கேட்கும், மெதுவாக வாசிக்கும்போது மரமே பேசுவது போல இருக்கும். அதனால் நான் முக்கவில்லை. நீங்கள் பெரும் ஒலியில், டிஸ்டார்ஷனோடு வாசிப்பவர் என்றால் முக்கத்தான் வேண்டும். அப்போது மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும், நேரடி நெருப்பில் மெழுகே பற்றிக்கொள்ளும்.

பழசு என்றாலே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு (ஹம் என்ற இரைச்சலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959இல்தான் கிடைத்தது. அடிப்பக்கம் ஒட்டிய 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (Patent Applied For) என்ற ஸ்டிக்கரால்தான் அவற்றுக்குப் பிஏஎஃப் என்று பெயர். அந்தப் பிக்கப்களில் சுற்று எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும், காந்த வகையும் மாறும், அதனால் அருமையானதும் உண்டு, சுமாரானதும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீனின் 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நெக் பிக்கப்பில் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்த, அழுகிற மாதிரி ஒரு ஒலி வரும். ரிப்பேர் கடைக்குப் போனால் அதைக் கோளாறு என்று சரிசெய்திருப்பார்கள். அந்தக் கோளாறோடுதான் அது இன்னொரு கிட்டாரிஸ்டான கேரி மூரிடம் போனது, இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. நம்முடைய மலிவு ஜப்பான் பிக்கப்புக்கும் இப்படி ஒரு கதை உண்டு: அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக் பிக்கப்பைக் கழற்றிவிட்டு ஜப்பான் கம்பெனியான டெய்ஸ்கோவின் கோல்ட் ஃபாயிலைத்தான் பொருத்தினார்.

அதற்காக எதையும் தொடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற வேலை எதையும் செய்யுங்கள். பாட், கெப்பாசிட்டர், ஹம் குறைய உள்ளே செம்புத் தாள் ஒட்டுவது, எல்லாம் சரி. மரத்தில் உளியோ டிரில்லோ வைக்காதீர்கள். 1970களில் ஹம்பக்கர் மோகத்தில் எத்தனையோ பழைய ஸ்ட்ராட்களின் உடலைக் குடைந்து போட்டார்கள், அந்தப் பள்ளத்தை இனி யாராலும் உண்மையில் மூடமுடியாது. புது பிக்கப் போட்டே தீரவேண்டும் என்றால், அதே பள்ளத்தில் உட்காரும் அளவில் தேடுங்கள். 'கோல்ட் ஃபாயில்' என்று விற்பவரிடம் ஜப்பான் மாதிரியா, அமெரிக்காவில் ஓஹையோவின் டொலீடோவில் ரோ நிறுவனம் செய்த டிஆர்மண்ட் மாதிரியா என்று கேளுங்கள், இரண்டும் வேறு வேறு ஒலி.

சோல்டர் இரும்பை எடுப்பதற்கு முன் எல்லா ஒயரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கழற்றிய பாட்டைக் குப்பையில் போடவேண்டாம், அதன் முதுகு எண்ணில் வயது தெரியலாம். அமெரிக்கக் கிட்டார்களில் 304 6512 என்றிருந்தால் ஸ்டாக்போல் கம்பெனி, 1965ஆம் ஆண்டு, 12ஆம் வாரம் என்று அர்த்தம். ஜப்பான் பாட்களில் முறை வேறு, இருந்தாலும் எடுத்து வையுங்கள். உங்கள் அப்பா கைபட்ட ஸ்க்ரூ உள்பட எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.