மால்போர்க் செங்கல் கோட்டை: ஒரே நாளில் எதைப் பார்ப்பது, எது பழையது?

போலந்தின் க்டான்ஸ்க் நகருக்கு அலுவல் நிமித்தம் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர், தமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் மால்போர்க் கோட்டையைப் பார்த்துத் திரும்ப இயலுமா என்றும், இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், பாதிக்கு மேல் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்ட அக்கோட்டையில் உண்மையான இடைக்காலக் கட்டுமானத்தை எப்படி இனங்காண்பது என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் போதும். க்டான்ஸ்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மால்போர்க்கை அடையலாம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே செல்லலாம். வளாகம் ஏறத்தாழ 21 ஹெக்டேர் பரப்புள்ளது என்பதால், ஒலி வழிகாட்டியுடன் சுற்றிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கூடங்கள் திறந்திருக்கும் நேரத்தை, குறிப்பாகத் திங்கட்கிழமை செல்வதானால், அருங்காட்சியகத்தின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்), ஆயுதக் காட்சிக்கூடங்களை விட்டுவிடலாம். அத்தகைய பொருள்களை வேறு ஊர்களிலும் காணலாம், இந்தச் சுவர்களைக் காண முடியாது.

இரண்டாம் கேள்விக்கு விடை காண, கோட்டை ஏன் செங்கல்லால் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பால்டிக் கரையோரச் சமவெளியில் வெட்டியெடுக்கத் தக்க பாறை அரிது. பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணும் உருண்டைக் கற்களுமே மிகுதி. ஆகவே 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டியூட்டானிக் வீரத் துறவியர் (ஜெர்மானியச் சிலுவைப்போர்த் துறவியர் அமைப்பினர்) நோகாட் ஆற்றங்கரையில் இக்கோட்டையை எழுப்பியபோது, அடித்தளத்துக்கு உருண்டைக் கற்களையும் சுவருக்குச் சூளைச் செங்கல்லையும் பயன்படுத்தினர். சுவரருகே நின்று பார்த்தால், அளவுக்கு மீறி வெந்து கருத்து, மேற்பரப்பில் கண்ணாடிப் பளபளப்பு ஏறிய செங்கற்கள் சிவப்புக்கு நடுவே சாய்சதுரக் கோலங்களாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். செங்கல் வரிசையையும் கவனியுங்கள்: நீளவாட்டில் இரண்டு கல், பிறகு தலைப்பக்கம் தெரியும்படி ஒரு கல் என்று செல்வது பொதுவாக முற்காலக் கட்டுமுறை, நீளவாட்டில் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று என மாறி மாறி வருவது பெரும்பாலும் பிற்பட்டது. எனினும் பழுதுபார்த்தவர்களும் பழைய முறையைப் பின்பற்றியிருப்பதால், இந்த அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுகட்டிவிட வேண்டாம்.

1309-இல் அவ்வமைப்பின் பெருந்தலைவர் தம் இருப்பிடத்தை வெனிஸிலிருந்து இங்கு மாற்றியபின் துறவிமடம் அவ்வமைப்பின் ஆட்சிக்குத் தலைநகராயிற்று. நடுக்கோட்டைப் பெருமண்டபத்தின் கூரைவளைவுகள் மெல்லிய மூன்று கருங்கல் தூண்களிலும், பெருந்தலைவரின் கோடைக்கால உணவுக்கூடத்தின் வளைவுகள் ஒரே தூணிலும் ஊன்றி நிற்கின்றன. பெருமண்டபத்தின் தரையில் உள்ள துளைகளைத் தவறவிடாதீர்கள்: கீழேயுள்ள அடுப்பில் கற்களைச் சூடேற்றி, நெருப்பு அணைந்து புகை நீங்கியபின் துளைகளின் மூடிகளைத் திறந்து, வெப்பக் காற்றை மட்டும் மேலே விட்டனர். கோடைக்கால உணவுக்கூடச் சுவரில் பதிந்திருக்கும் பீரங்கிக் குண்டு, 1410-இல் டியூட்டானிக் துறவியரைத் தோற்கடித்த க்ருன்வால்ட் போருக்குப்பின் போலந்து மன்னர் யாகியெல்லோ முற்றுகையிட்டபோது அந்த ஒற்றைத் தூணைக் குறிவைத்து எய்யப்பட்டது என்பார்கள். அதைக் கதையாகவே கொள்ளலாம். அம்முற்றுகையில் கோட்டை விழவில்லை. டியூட்டானிக் அமைப்பு தர வேண்டிய சம்பள பாக்கிக்கு ஈடாகக் கோட்டையைப் பெற்றிருந்த பொஹீமியக் கூலிப்படையினர் 1457-இல் அதைப் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டார்கள் என்பது அதைவிடச் சுவையான வரலாறு.

1772-இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கைக்கு வந்தபின் கோட்டை படைவீடாகவும் கிடங்காகவும் சீரழிந்தது. 1882 முதல் கொன்ராட் ஸ்டைன்பிரெக்ட் நாற்பது ஆண்டுகள் அதைச் சீரமைத்தார். ஆகவே நீங்கள் இடைக்காலம் என்று எண்ணி வியக்கும் பல பகுதிகள், குறிப்பாக மேல்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இடைக்காலத்தைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தின் வடிவங்கள். அதன்மீது 1945-இன் அழிவும், 1961-இல் அருங்காட்சியகம் அமைந்தபின் நடந்த மறுகட்டுமானமும் சேர்ந்தன.

இந்த அடுக்குகள் யாவும் ஒருங்கே தெரியும் இடம் மேல்கோட்டையின் புனித மரியாள் தேவாலயம். வாயிலில் உள்ள ‘பொன் வாசல்’ 13-ஆம் நூற்றாண்டுச் சுடுமண் சிற்ப வேலை. பைபிள் உவமையில் வரும் அறிவுள்ள கன்னியரும் அறிவற்ற கன்னியரும் அதில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே, 2016-இல் முடிந்த சீரமைப்பில் கூரைவளைவுகளைப் புதிதாகக் கட்டிய கைவினைஞர்கள் போரின் காயங்களை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். குறைந்தது அரை மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள். மாலை ரயிலுக்கு முன் நடைபாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்குச் சென்றால், பிற்பகல் வெயில் நேராக விழும் கோட்டை முகப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். காலையில் அங்கிருந்து எடுக்கும் படம் எதிர்வெயிலில் இருண்டுவிடும்.